ஏரி என்று பெயர் மாற்றிய குழி

என் அக்காவைக் கட்டிக்கொடுத்த இடத்தில் மரமே கிடையாது. பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், நடுப்பகலிலும் வெயில் துண்டு துண்டாகத்தான் தரையில் விழுகிற நிழலில் வளர்ந்தவர்கள் நாங்கள். புக்கிட் ரோத்தானுக்குக் கொஞ்சம் முன்னால் பஸ்ஸிலிருந்து இறங்கி, எண்ணெய் எடுக்கும் செம்பனைகளுக்கு நடுவே போகும் மண் சாலையில் உள்ளே நடந்தால், ஓர் இடத்தில் மரங்கள் வெட்டினாற்போல் நின்றுவிடும். அதற்கப்புறம் வெட்டவெளி. உயரமான ஒரு புகைபோக்கி, செங்கல் காயவைக்கும் நீளமான தகரக் கொட்டகைகள், அவற்றுக்கு அப்பால் குழி.

குழி என்றால் கிணறு அளவுக் குழி அல்ல. எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தையும் கோயிலையும் பந்துத் திடலையும் சேர்த்து உள்ளே இறக்கிவிடலாம். அத்தனை களிமண்ணையும் மனிதர்கள் தோண்டி மேலே ஏற்றி, செங்கல் அறுத்து, சுட்டு, லோரியில் அனுப்பியிருந்தார்கள். நான் முதல்முறை அங்கே போனது எண்பத்தொன்றிலோ எண்பத்திரண்டிலோ. கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அக்காவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து பஸ் ஏறினால் வெயில் தாழ்வதற்குள் போய்விடலாம்.

அத்தான் சைக்கிளோடு சாலை முனையில் நின்றிருந்தார். அரைக்கால் சட்டை, முழங்கால் வரை சாம்பல் நிறச் சேறு. வீட்டுக்குக் கூட்டிப்போவதற்கு முன்னால் நேரே குழியைக் காட்டத்தான் கூட்டிப்போனார். புதிதாக வீடு கட்டியவர்கள் விருந்தாளிக்கு அறை அறையாகக் காட்டுவார்களே, அப்படி.

"மேல கருப்பா இருக்கு பாரு, அது சும்மா. எல தழ மக்குன மண்ணு, ஒன்னுத்துக்கும் ஆகாது. அதச் செரண்டித் தள்ளிட்டா கீழ இந்தச் சாம்ப மண்ணு. இதான் நம்ம சோறு."

விளிம்பிலிருந்து பார்த்தபோது குழியின் சுவர் அடுக்கடுக்காகத் தெரிந்தது. அடியில் தண்டவாளம் போட்டு, சின்னச் சின்ன இரும்பு வண்டிகளில் மண்ணை நிரப்பி, கம்பி கட்டி மேலே இழுத்தார்கள். ஒரு மூலையில் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கவே நிற்காதாம். கடல் பக்கத்தில் இருப்பதால் அடியிலிருந்து தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். பம்பு ஒருநாள் நின்றால் மறுநாள் குழியில் இடுப்பளவு நிற்கும். அத்தானுக்கு மண் வெட்டும் வேலையோடு அந்தப் பம்பைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் இருந்தது.

குனிந்து ஒரு கட்டி மண்ணை எடுத்து உடைத்துக் காட்டினார். உள்ளே வெள்ளையாக ஒரு சிப்பி, விரல் நகம் அளவு.

"கடலு இங்கயா இருந்துச்சு அத்தான்?"

"இருந்துருக்கும் லா. இல்லாட்டி சிப்பி எங்கேர்ந்து வரும்? கடலு போயிருச்சு, நம்ம வந்துட்டோம்."

அந்தச் சிப்பிதான் அக்காவின் வேலை. மண்ணை அரைப்பதற்கு முன்னால் மேசையில் கொட்டுவார்கள். இருபுறமும் பெண்கள் நின்று கையாலேயே பிசைந்து பிசைந்து சிப்பியைப் பொறுக்கி எடுக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் சூளையில் வெந்து சுண்ணாம்பாகி, மழை பட்ட பிறகு ஊதி, செங்கல்லின் முகத்தைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வரும். வாங்கினவன் திருப்பி அனுப்புவான். அக்காவின் விரல் நுனிகள் கீறிக் கீறி, ஆறி ஆறி, தோல் தடித்துப் போயிருந்தன. கல்யாணத்துக்கு வைத்த மருதாணியை நினைத்துக்கொண்டேன்.

திருப்பி அனுப்பிய கற்கள் வீணாகவில்லை. அவற்றைக் கொண்டுதான் வேலைக்காரர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளை, லயத்தை, கட்டியிருந்தார்கள். அக்கா வீட்டுச் சுவர் முழுக்க அம்மை போட்ட முகம் மாதிரி குழி குழியாக இருந்தது. கோலாலம்பூரில் யார் யாருக்கோ மாடி வீடு கட்ட நேரான கல், அறுத்துச் சுட்டவர்களுக்குப் பெயர்ந்த கல். அதைப் பற்றி அங்கே யாரும் பேசியதாக நினைவில்லை. கல் சுவர் என்று ஒன்று இருக்கிறதே என்றுதான் இருந்தார்கள். நாங்கள் வளர்ந்த தோட்டத்தில் பலகைச் சுவர்தான்.

சூளைக்கு விறகு லோரி லோரியாக வந்து இறங்கும். ரப்பர் மரங்கள். தோட்டம் தோட்டமாக ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. மரத்தோடு சேர்த்து ஆட்களையும் வெளியே அனுப்பினார்கள். அத்தானும் அப்படி ஒரு தோட்டத்திலிருந்து வந்தவர்தான். மரப்பட்டையில் பால் வெட்டிய கோடுகள் வரிசையாகத் தெரியும். எங்கள் அப்பாவோ அத்தானின் அப்பாவோ பால் வெட்டிய மரமாகக்கூட இருந்திருக்கலாம். அதைத் தூக்கி அடுப்பில் போட்டுக் கல் சுட்டார்கள்.

இதையெல்லாம் நான் அன்றைக்கே கசப்போடு பார்த்தேன் என்று சொன்னால் பொய். அன்றைக்கு எனக்கு அது வேடிக்கை. அக்கா கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். மாதம் ஒருமுறையாவது போய்விடுவேன். அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அத்தான் குழந்தையைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு குழியின் விளிம்பில் நடப்பார். அக்கா வாசலிலிருந்து கத்துவாள். அவர் வேண்டுமென்றே இன்னும் ஓரமாக நடப்பார்.

குழந்தை நடக்க ஆரம்பித்த வருஷம் தீபாவளிக்கு நான் அங்கேதான் இருந்தேன். ஒரு வாரமாக விடாத மழை. சூளைக்கு விடுமுறை. மண்வாரி இயந்திரம் புதிதாக வந்திருந்தது. அதை ஓட்டுகிறவரும் ஊருக்குப் போய்விட்டார். அத்தான் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச்சட்டை போட்டு, பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சூளையின் கிராணி. கணக்கு, ஆள் வேலை எல்லாம் பார்க்கும் தமிழர். மழைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் கூரையோரத்தில் நின்றபடியே பேசினார்.

"பம்பு அடைச்சுக்கிச்சு லா. தண்ணி ஏறுது. மிஷினு முங்கிட்டா மொதலாளி என்னைய கொன்னுருவாரு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிரு."

"மழ நிக்கட்டுமே சார். மண்ணு ஊறிக் கெடக்கு."

"மழ நிக்கற வரைக்கும் தண்ணி நிக்குமா? வா லா, அரை மணி நேரம்."

"நல்ல நாளும் அதுவுமா…" என்று அக்கா ஆரம்பித்தாள். அத்தான் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். புதுச்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கிராணியின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். இது நான் கேட்டது, பார்த்தது. யாரோ சொல்லி எனக்குத் தெரிந்ததல்ல.

சத்தம் எதுவும் எங்களுக்குக் கேட்கவில்லை. மழைதான் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து கூப்பிட்டபோது நாங்கள் இருவரும் ஓடினோம். பம்பு இருந்த மூலையில், கறுப்பு மண்ணும் சாம்பல் மண்ணுமாக ஒரு பக்கச் சுவரே கீழே இறங்கியிருந்தது. பம்பின் குழாய் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. லயத்து ஆண்கள் தீபாவளி உடுப்போடு இறங்கி மண்வெட்டியால் தோண்டினார்கள். ஈரக் களிமண் மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு விடாது. கையால் வழித்துவிட்டு, மறுபடி போட வேண்டும். மண்வாரி இயந்திரத்தை வேறொருவர் ஓட்டத் தயாராக இருந்தார். சாவி ஆபீசில் பூட்டியிருக்கிறதாம். முதலாளியைக் கேட்காமல் எடுத்துக் கொடுக்க முடியாது என்று கிராணி ஃபோன் அடிக்க ஓடினார். முதலாளி வீட்டில் இல்லை. மறுபடி அடித்தார். அக்கா அவர் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியதை நான் பார்த்தேன். "என் கையில இல்லமா, என் கையில இல்லமா" என்றார் அவர். சாவி அவர் கைப்பெட்டிக்குள்தான் இருந்தது. அது பிறகு தெரிந்தது.

பிற்பகலில்தான் வெளியே எடுத்தார்கள். முகம், முடி, வாய் எல்லாம் அதே சாம்பல் நிறம். அக்கா தன் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

மறுநாள் ஒரு போலீஸ்காரர் வந்து விசாரித்தார். எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்: கிராணி வந்து கூப்பிட்டார், அதனால்தான் போனார். கிராணி பக்கத்திலேயே நின்றிருந்தார். அவருடைய மலாய் என்னுடையதைவிட நல்ல மலாய். அவர் விளக்கமாகச் சொன்னார். விடுமுறை நாள், யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை, குழியில் மழைத்தண்ணீரோடு மீன் வந்திருக்கும், அதைப் பிடிக்கத் தானாக இறங்கியிருப்பார் என்று. மீன்! போலீஸ்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள்.

பிறகு இன்னொன்றும் சொன்னார்கள். அத்தான் சூளையின் ஆளே இல்லையாம், கொந்திராக் ஆளாம். ஆள் பிடித்துக் கொடுத்த கொந்திராக்டரைத்தான் கேட்க வேண்டுமாம். அந்த ஆளைத் தேடினால் சபாக் பெர்ணம் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். அத்தனை வருஷம் அந்தக் குழிக்குள் நின்ற மனிதர் அந்த இடத்துக்குச் சம்பந்தமே இல்லாதவராகிவிட்டார். சவப்பெட்டியும் இடுகாட்டுக்குப் போக லோரியும் முதலாளி கொடுத்தார். அதை ஊரே புகழ்ந்தது.

கருமாதி முடிந்த அன்று நான் அக்காவிடம் கேட்டேன். "நீ ஏன்கா ஒரு வார்த்தை சொல்லல? நீயும்தான கேட்ட?"

"வீடு அவுங்க வீடு" என்றாள். "புள்ளய வச்சுக்கிட்டு இருக்கச் சொல்லிருக்காங்க. ஆபீசு கூட்டுற வேல தர்றேன்னுருக்காங்க. நீ ஊருக்குப் போ."

அதற்குப் பிறகு நான் அங்கே போவதைக் குறைத்துக்கொண்டேன். எனக்கும் கல்யாணமாகிவிட்டது. மாமியார் வீட்டில் கேட்டுக்கொண்டு பஸ் ஏறுவது சுலபமாக இல்லை. அக்கா பொங்கலுக்கோ தீபாவளிக்கோ பிள்ளையோடு கிள்ளான் வருவாள். எண்பதுகளின் நடுவில் எல்லா இடத்திலும் கட்டட வேலை நின்றுபோனது. செங்கல் கேட்க ஆளில்லை. சூளையை மூடினார்கள். பம்பை நிறுத்தினார்கள். லயத்திலிருந்து ஒவ்வொரு குடும்பமாக ஷா ஆலம் பக்கமும் கிள்ளான் பக்கமும் கிளம்பியது. அக்கா மட்டும் இருந்தாள். குழியில் தண்ணீர் ஏறி ஏறி, ஒரு வருஷத்தில் விளிம்பு வரை வந்துவிட்டது என்று அவள்தான் சொன்னாள். முதலாளி அதில் மீன் விட்டிருக்கிறாராம். தூண்டில் போட நகரத்திலிருந்து கார்களில் வருகிறார்களாம். கரையில் கடை போட்டுக்கொள்ள அவளுக்கு வாய்வார்த்தையாக அனுமதி கிடைத்திருக்கிறது. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தக் கரையில் நின்று எப்படிக் கடை நடத்துகிறாள் என்றுதான் எனக்கு ஓடியது.

எண்பதுகள் முடியும் சமயம், எங்கள் தொழிற்சாலைப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு பஸ் பிடித்துச் சுற்றுலா கிளம்பினோம். கோலசிலாங்கூர் மலையில் கலங்கரை விளக்கமும் குரங்குகளும், அப்புறம் பாசிர் பெனம்பாங்கில் சாப்பாடு, பொழுது சாய்ந்த பிறகு கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் படகு. போகிற வழியில் புதிதாக ஓர் இடம் திறந்திருக்கிறது, பழைய களிமண் குழி, இப்போது அழகான ஏரி, அதையும் பார்த்துவிடலாம் என்று ஏற்பாடு செய்தவள் சொன்னாள். அக்காவைப் பார்த்த மாதிரி இருக்கும் என்று நினைத்தேன்.

மண் சாலைக்குத் தார் போட்டிருந்தார்கள். வாசலில் பெரிய பலகை. அதில் மலாயில் 'நீல ஏரி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு மீன் படம். தண்ணீர் உண்மையிலேயே நீலமாகத்தான் இருந்தது. என் தோழிகள் "ஐயோ, எவ்வளவு அழகு!" என்று கத்திக்கொண்டு இறங்கினார்கள். நான் பம்பு இருந்த மூலை எதுவென்று தேடினேன். புகைபோக்கியை வைத்து ஒரு குத்துமதிப்பாகக் கண்டுபிடித்தேன். அந்த இடத்தில் பெஞ்சு போட்டிருந்தார்கள். ஒரு குடும்பம் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தது.

காயவைக்கும் கொட்டகைகளில் ஒன்றை மட்டும் விட்டுவைத்துக் காட்சிக் கூடம் ஆக்கியிருந்தார்கள். மண் இழுத்த இரும்பு வண்டிக்குச் சிவப்புச் சாயம். செங்கல் அச்சுகள் கண்ணாடிக்குள். மண்ணில் கிடைத்த சிப்பிகளை ஒரு தட்டில் பஞ்சு விரித்து அடுக்கியிருந்தார்கள். எத்தனை விரல்களைக் கிழித்த சிப்பிகள்! நடுவில், திண்டு கட்டி, பச்சைச் சாயம் அடித்து, பம்பு. சுவரில் முதலாளியும் அவர் அப்பாவும் குழி முன்னால் நிற்கும் படம் பெரிதாக. அவர்களுக்குப் பின்னால் தூரத்தில் சில ஆட்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். முகம் தெரியவில்லை.

எங்களுக்குச் சுற்றிக் காட்ட வந்தவர் அந்தக் கிராணிதான். தலை நரைத்திருந்தது. சட்டைப்பையில் பேர் அட்டை குத்தியிருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்றே அப்போது நினைத்தேன். தமிழ்ப் பெண்கள் என்றதும் உற்சாகமாகத் தமிழிலேயே பேசினார்.

"இந்தக் குழிலேர்ந்து போன கல்லுலதான்மா கே.எல்.லு பாதி நிக்குது. இந்தப் பம்பு பாருங்க, ராவும் பகலும் ஓடுன பம்பு. ஒருநாள் நின்னதில்ல."

"ரொம்ப ஆபத்தான வேலையா இருந்துருக்குமே?" என்று என் பக்கத்தில் நின்றவள் கேட்டாள். "யாராச்சும் செத்துருக்காங்களா அங்கிள்?"

"சேச்சே. சாமி புண்ணியத்துல ஒரு உசுருகூட இல்ல. மொதலாளி அந்த விசயத்துல ரொம்பக் கவனம்."

என் குரலை நானே வெளியிலிருந்து கேட்டேன்.

"அப்ப எங்க அத்தான்?"

எல்லாரும் திரும்பினார்கள். கிராணி என்னைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் அவருக்கு என்னை வந்த உடனேயே தெரிந்துவிட்டது என்று புரிந்தது.

"யாரும்மா நீங்க? எனக்குத் தெரியலயே."

"தீவாளியன்னைக்கு மழையில வந்து கூப்ட்டீங்க. இந்தப் பம்புக்குத்தான் கூப்ட்டீங்க. இது நின்னதாலதான் கூப்ட்டீங்க."

"வேற எடமா இருக்கும்மா. இந்தப் பக்கம் பூராவும் சூளைங்கதான். ஒங்களுக்குக் கொழம்பிப் போயிருக்கும்." அவர் குரல் பதறவே இல்லை. கொட்டகைக்கு வெளியே, தகரக் கூரை போட்டு நின்ற கடையைக் கை காட்டினார். "வேணும்னா அந்தம்மாவக் கேளுங்க. ஆரம்பத்துலேர்ந்து இங்கயே இருக்கறவுங்க. ஏம்மா! நம்ம எடத்துல யாராச்சும் மண்ணு விழுந்து செத்துருக்காங்களா?"

அக்கா பிளாஸ்டிக் பையில், கறுப்பு ஜெல்லி மிதக்கும் சின்சாவ் தண்ணீர் ஊற்றி, ரப்பர் வளையம் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். முதலில் என்னைப் பார்த்தாள். நான் அங்கே நிற்பேன் என்று அவள் எதிர்பார்த்திருக்க முடியாது. பையிலிருந்து தண்ணீர் வழிந்து அவள் கையில் இறங்கியது. பிறகு கிராணியைப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள். "யாரும் சாகல."

கிராணி அடுத்த அச்சைக் காட்டப் போய்விட்டார். தோழிகள் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு அவர் பின்னால் போனார்கள். ஒருத்தி மட்டும் என் தோளைத் தொட்டு, "வெயில்ல வந்தது ஒத்துக்கல போல, ஒக்காரு" என்றாள்.

நான் கடைக்குப் பின்னால் போனேன். அக்கா அங்கே வாளியில் தண்ணீர் மொண்டு டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள்.

"என்னாக்கா இது?"

"மெதுவா பேசு."

"ஒம் புருசன்கா."

"எம் புருசன்னு நீ எனக்குச் சொல்றியா?" அவள் நிமிரவில்லை. "தெனமும் காலைல அந்தத் தண்ணியப் பாத்துட்டுத்தான் கடையத் தொறக்கறேன். ஒன்னய மாதிரி வருசத்துக்கு ஒருக்கா பஸ்ஸு ஏறி வந்து அழுதுட்டுப் போக முடியல என்னால."

"அன்னிக்கே சொல்லிருக்கணும். அன்னிக்கு வாயத் தொறந்திருந்தா…"

"அன்னிக்கு நீ சொன்ன. என்னா ஆச்சு? மீனு புடிக்கப் போனாருன்னு ஆச்சு." அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. "நாளைக்கு அவரு வந்து 'கடைய எடு'ன்னு ஒரு வார்த்த சொன்னா நானும் புள்ளையும் எங்க போறது? ஒன் வூட்டுக்கா? ஒன் மாமியா மொகத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்துருக்கவா?"

எங்கள் வீட்டுக்கு வா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்வதற்கு முன்னால் என் மாமியாரின் முகம் எனக்கே ஞாபகம் வந்தது. அக்கா அதையும் கவனித்தாள்.

பஸ்ஸில் ஹாரன் அடித்தார்கள். அவள் எல்லாருக்குமாகச் சின்சாவ் பைகளைக் கட்டி என் இரண்டு கையிலும் மாட்டிவிட்டாள். "போ. புள்ள பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரம். ஒன்னய இந்த மாதிரிப் பாக்க வேணாம்" என்றாள். பாசிர் பெனம்பாங்கில் நண்டும் இறாலும் வந்து நிறைந்த மேசையில் நான் கை நனைக்கவில்லை. மற்றவர்கள் படகு ஏறப் போனபோது வயிற்று வலி என்று சொல்லிப் பஸ்ஸிலேயே உட்கார்ந்துகொண்டேன். திரும்பும் வழியெல்லாம் மரம் நிறைய மின்மினி என்று பேசிக்கொண்டு வந்தார்கள். என் அத்தானைப் பற்றி ஒருத்திகூடக் கேட்கவில்லை. அடுத்த வாரம் தொழிற்சாலையில், எனக்குத் தலையில் ஏதோ கோளாறு என்று ஒரு பேச்சு ஓடியது.

அக்கா மேல் எனக்கு இருந்த கோபம் சீக்கிரம் போய்விட்டது. அந்தக் கடைக்காக அவள் கொடுத்த விலை எதற்கும் ஆகவில்லை என்பதுதான் ஆறவில்லை. ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. ஏரிக்கரையில் சிமெண்டுத் தரையும் மின்விசிறியுமாகப் பெரிய சாப்பாட்டுக் கடை கட்டி, முதலாளி அதைத் தன் சொந்தக்காரர் ஒருவருக்குக் கொடுத்தார். பக்கத்தில் தகரக் கொட்டகை இருந்தால் அழகு கெட்டுவிடுகிறது என்று சொன்னார்களாம். சொல்ல வந்தவர் அதே கிராணி. "என் கையில இல்லமா" என்று அன்றைக்கும் சொன்னாராம். லயத்தையும் இடித்தார்கள். அந்தப் பெயர்ந்த கற்களை உடைத்துக் கார் நிறுத்தும் இடத்தில் கொட்டி நிரவிவிட்டார்கள்.

அக்கா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிள்ளானுக்கு வந்தாள். எங்கள் வீட்டுக்கு வரவில்லை. காப்பார் சாலையில் ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்தாள். என் தொழிற்சாலையிலேயே பொட்டலம் கட்டும் பிரிவில் சேர்ந்தாள். இடைவேளையில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். பிள்ளையின் படிப்பு, கறி விலை, வேலை வாங்கும் மண்டோரின் எரிச்சல் எல்லாம் பேசுவோம். அந்த இடத்தைப் பற்றி மட்டும் பேசியதில்லை.

பிறகு ஒரு சொந்தக்காரர் வீட்டுச் சடங்கில் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஒரு பக்கம் அக்கா, அவளுக்கு அடுத்து அவள் மகள். எதிர்ப்பந்தியில் இருந்த ஒரு பெரியம்மா முறைக்காரர், அக்காவின் வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, சின்ன வயசுதான, வூட்டுக்காரருக்கு என்னா ஆச்சு?" என்று கேட்டார்.

"காய்ச்சல்" என்றாள் அக்கா. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ரெண்டே நாளு காய்ச்சல்ல போயிட்டாரு."

நான் கையிலிருந்த சோற்றை இலையில் போட்டேன். அவள் மகள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு, "எங்கப்பாவுக்கு மஞ்சக் காமால, பாட்டி. அதுல வந்த காய்ச்சல்" என்று அம்மாவைத் திருத்தினாள். அவள் அதை அப்படியே நம்பியிருந்தாள். வெகுநாளாக, வீட்டுக்குள்ளும் அதுதான் சொல்லப்பட்டிருக்கிறது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் இலைக்குக் கீழே என் முழங்காலைப் பிடித்து அழுத்தினாள். கெஞ்சுகிற பிடி இல்லை அது. மிரட்டுகிற பிடியும் இல்லை. பிள்ளைக்கு இது போதும் என்கிற பிடி. ரசம் கொண்டுவந்தவர் எங்கள் முன்னால் நின்று, "ஊத்தவாம்மா?" என்று கேட்டார். அக்கா என் இலையைக் காட்டி, "இவளுக்கு ஊத்துங்க" என்றாள்.